இஸ்கந்தரிய்யாவும் கண்ணனூர்க் கொப்பமும்: இப்னு பதூதாவை முழுமையாக வாசித்தல்

‘ரிஹ்லா’ எனப்படும் பயண நூல்வகை அரபு இலக்கியத்தில் ஹஜ் கடமையோடும் கல்வித் தேட்டத்தோடும் இணைந்து வளர்ந்தது. ஸ்பெயினிலிருந்தும் மொரோக்கோவிலிருந்தும் கிழக்கு நோக்கிப் புறப்பட்டவர்களுக்கு மத்திய தரைக்கடலோர நகரமான இஸ்கந்தரிய்யா (அலெக்சாந்திரியா) கீழை உலகின் தலைவாயிலாக விளங்கிற்று. எனவே அந்நகரைக் கண்டு எழுதுவது அந்த இலக்கிய வகையின் மரபுகளுள் ஒன்றாகவே ஆயிற்று. கிரானடாவிலிருந்து வந்த இப்னு ஜுபைர் 1183இல் எழுதினார். தன்ஜா நகரத்து இப்னு பதூதா 1326இல் வந்தார். அவருடைய நூல்தான் இன்று உலகெங்கும் வாசிக்கப்படுகிறது.

தமிழ் முஸ்லிம் வாசகருக்கு இஸ்கந்தரிய்யா அயலூர் அன்று. புர்தாவைப் பாடிய இமாம் பூஸிரி (ரஹ்) அங்கேதான் அடங்கியிருக்கிறார். அபுல் ஹஸன் ஷாதுலி (ரஹ்) வாழ்ந்து தம் தரீக்காவை நிலைநிறுத்திய ஊர் அது. அவருடைய சீடர் அபுல் அப்பாஸ் முர்ஸி (ரஹ்) 1287இல் மறைந்ததும் அங்கேயே. ‘ஹிகம்’ நூலின் ஆசிரியர் இப்னு அதாஇல்லாஹ் தம் பெயரோடு அந்நகரின் பெயரையும் தாங்கியிருக்கிறார். காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் ஷாதுலிய்யா தரீக்காவின் ஃபாஸிய்யா கிளைக்கு ஸாவியாக்கள் உண்டு. புர்தா மஜ்லிஸ் நடைபெறும் நம் ஊர்களில் அந்நகரைக் காணாதோரும் அதன் பெயரை அறிவர்.

ஆதலின் இப்னு பதூதாவைப் பற்றித் தமிழில் எழுதுவோர் இஸ்கந்தரிய்யாப் பகுதியை விரும்பி எடுத்தாள்வதில் வியப்பில்லை. கலங்கரை விளக்கம், இறைநேசர்கள், துறைமுகத்தின் செழிப்பு ஆகிய மூன்றும் அங்கே ஒருங்கே கிடைக்கின்றன. ஆனால் அதே நூலில் நம் திருச்சிராப்பள்ளியின் புறத்தே, திருவரங்கத்திலிருந்து கொள்ளிடத்தைக் கடந்தால் எட்டிவிடும் தொலைவில் நிகழ்ந்த ஒரு போரின் பதிவும் இருக்கிறது. அப்பக்கங்களை நம் கட்டுரைகள் பெரும்பாலும் கடந்து போய்விடுகின்றன. இவ்விரு பகுதிகளையும் ஒருசேர வைத்து வாசித்தாலொழிய இப்னு பதூதாவை நாம் வாசித்தவர்களாக மாட்டோம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சாண் கணக்கு

ஹிஜ்ரி 726, ஜமாதுல் அவ்வல் பிறை 1 அன்று, அதாவது 1326 ஏப்ரல் 5இல், இப்னு பதூதா இஸ்கந்தரிய்யாவை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 22. நகரின் நான்கு வாயில்களையும் பெயரிட்டுச் சொல்கிறார். உலகில் தாம் கண்ட துறைமுகங்களுள் அதற்கு ஈடாகக் கொல்லம், கோழிக்கோடு, துருக்கியர் நாட்டு சூதாக், சீனத்து ஸைத்தூன் ஆகியவற்றை மட்டுமே குறிப்பிடுகிறார். இந்த ஒப்பீடு இருபத்திரண்டு வயது இளைஞரின் வாயிலிருந்து வந்திருக்க இயலாது. 1355இல் ஃபாஸ் நகரில் இப்னு ஜுஸைய் என்னும் எழுத்தாளருக்கு வாய்மொழியாகச் சொல்லி முடித்த முதிர்ந்த மனிதரின் ஒப்பீடு அது. நூல் முழுவதிலும் இவ்விரு வயதுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பதை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டும்.

கலங்கரை விளக்கத்தை அவர் வருணிக்கும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. அதன் ஒரு பக்கம் இடிந்திருந்தது என்பதையே முதலில் சொல்கிறார். வாயில் தரைமட்டத்திற்கு மேலே இருந்தது. எதிரே அதே உயரத்தில் ஒரு கட்டடம். இரண்டுக்கும் இடையே பலகைகள். பலகைகளை எடுத்துவிட்டால் உள்ளே நுழைய வழியில்லை. உள் நடைவழியின் அகலம் 9 சாண், சுவரின் கனம் 10 சாண், கோபுரத்தின் நான்கு முகங்களும் ஒவ்வொன்றும் 140 சாண் என்று கணக்குச் சொல்கிறார். உலக அதிசயங்களுள் ஒன்று என்று புகழ்பெற்ற கட்டடத்தின் முன் நின்றவர் வியப்புச் சொற்களை அடுக்காமல் சாண் கணக்குச் சொல்வது அவருடைய பண்பைக் காட்டுகிறது. ஊர் திரும்பும் வழியில் ஹிஜ்ரி 750இல், அதாவது 1349இல், மீண்டும் அங்கே சென்றார். அப்போது அது வாயிலுக்கு ஏறவும் இயலாதபடி பாழ்பட்டிருந்தது. அதனருகே அதுபோன்ற மற்றொன்றைக் கட்டத் தொடங்கிய மன்னர் நாஸிர் அதனை முடிப்பதற்குள் இறந்துவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். அவ்விடத்தில் 15ஆம் நூற்றாண்டில் சுல்தான் காயித்பாய் எழுப்பிய கோட்டையே இன்று பயணிகள் காண்பது.

இதே இஸ்கந்தரிய்யாப் பகுதியில் நம் எழுத்தாளர்கள் அதிகம் தொடாத இன்னொரு செய்தியும் உண்டு. தாம் அங்கிருந்து சென்ற மறு ஆண்டில் முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவ வணிகர்களுக்கும் இடையே மூண்ட கலகத்தைப் பற்றித் தாம் கேள்வியுற்றதை அவர் பதிவு செய்கிறார். கலகத்தை அடக்க வந்த அரசப் பிரதிநிதிகள் நகரத்தார் 36 பேரைக் கொன்று, உடல்களை இரு வரிசையாகச் சிலுவைகளில் அறைந்து நிறுத்தினர். ஜும்ஆ முடித்து அடக்கத்தலத்திற்குச் சென்ற மக்கள் அக்காட்சியைக் கண்டனர். கொன்றவர்களும் முஸ்லிம்கள், கொல்லப்பட்டவர்களும் முஸ்லிம்கள். நகரின் அழகுக்கு இது பொருந்தாது என்று அவர் இதனை நீக்கிவிடவில்லை.

இவ்விடத்தில் இப்னு ஜுபைரை ஒப்புநோக்குவது பயன்தரும். ஸலாஹுத்தீன் அய்யூபியை உயர்வாக மதித்தவர் அவர். அயலார்க்கென அச்சுல்தான் அமைத்த கல்விக்கூடங்களையும் குளியலறைகளையும் மருத்துவமனையையும் மனமாரப் பாராட்டினார். அதே இஸ்கந்தரிய்யாவின் சுங்கச் சாவடியில் ஹாஜிகளின் இடுப்புக்கச்சைவரை துழாவப்பட்டதையும், நெரிசலில் பொருள்கள் காணாமற் போனதையும் எழுத அவர் தயங்கவில்லை. சுல்தான் இதனை அறிந்தால் நிறுத்திவிடுவார் என்ற நம்பிக்கையோடு எழுதினார். போற்றுவதையும் குறைகாண்பதையும் ஒரே பக்கத்தில் வைப்பது ரிஹ்லா மரபின் இயல்பாகவே இருந்திருக்கிறது.

துறைமுகத்தில் விழுந்த விதை

இப்னு பதூதாவை இந்தியாவை நோக்கித் திருப்பிய சொல் இஸ்கந்தரிய்யாவில்தான் சொல்லப்பட்டது. அங்கே புர்ஹானுத்தீன் அஃரஜ் என்னும் பெரியவரின் இல்லத்தில் மூன்று நாள் தங்கினார். உமக்குப் பயணத்தில் நாட்டம் இருப்பதைக் காண்கிறேன், இந்தியாவிலும் சிந்துவிலும் சீனத்திலும் இருக்கும் என் சகோதரர்களைக் கண்டு ஸலாம் சொல்வீராக என்ற கருத்தில் அப்பெரியவர் பேசினார். அதுவரை அத்தொலைவை எண்ணியே பாராத இளைஞரின் உள்ளத்தில் அச்சொல் பதிந்தது. அவர் தில்லிக்கு வந்ததும், காழியானதும், மாலத்தீவுக்குச் சென்றதும், இறுதியில் மஅபர் எனப்பட்ட தமிழகக் கரையில் ஒதுங்கியதும் அதன் தொடர்ச்சியே. நூலின் அமைப்பில் இஸ்கந்தரிய்யாவும் மஅபரும் ஒரே சரட்டின் இரு முனைகள் எனலாம்.

1344இல் இலங்கையிலிருந்து புறப்பட்ட அவருடைய கப்பல் மஅபர் கரையருகே சேதமுற்றது. இரவு முழுவதும் கப்பலின் பின்பகுதியைப் பற்றிக்கொண்டிருந்தவரை மறுநாள் காலையில் படகில் வந்து மீட்டவர்கள் முஸ்லிமல்லாத உள்ளூர் மக்கள். அவர்கள் அவருக்கு நல்ல மீனையும், நம் பனையின் காய் என்று கொள்ளத்தக்க ஒரு பழத்தையும் உண்ணத் தந்தனர். பின்னர் அவர் சுல்தான் கியாதுத்தீன் தாமகானியின் பாசறையை அடைந்தார். இருவரும் மதுரை சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகளிரை மணந்தவர்கள். நம் வழக்கில் சொன்னால் சுல்தான் அவருக்குச் சகலை.

கண்ணனூர்ப் போர் அவர் வருவதற்கு முன்பே முடிந்திருந்தது. அவர் ‘குப்பான்’ என்று எழுதும் இடத்தை, சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரின் கொப்பம் என வரலாற்றாசிரியர்கள் அடையாளம் காண்கின்றனர். 13ஆம் நூற்றாண்டில் போசளர்களின் தமிழகத் தலைநகராக இருந்து, பின் மதுரை சுல்தானகத்தின் படைநிலையாக மாறிய ஊர் அது. போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் அதனை முற்றுகையிட்டான். உள்ளிருந்தோரிடம் 14 நாளுக்கான உணவே எஞ்சியிருந்தது. கெடு கேட்டு மதுரைக்குக் கடிதம் அனுப்பினர். கடிதம் மக்கள் முன் வாசிக்கப்பட்டபோது அவர்கள் அழுதனர். தலைப்பாகைகளைக் குதிரைகளின் கழுத்தில் கட்டி, உயிரைத் துறக்கத் துணிந்து புறப்பட்டனர். பகல் உறக்க வேளையில் தாக்குதல் நிகழ்ந்தது. எண்பது வயதைக் கடந்த வல்லாளன் பிடிபட்டான். விடுவிப்பதாக ஆசைகாட்டி அவனுடைய யானைகளையும் குதிரைகளையும் செல்வத்தையும் பெற்றுக்கொண்ட சுல்தான், பின் அவனைக் கொன்று தோலை உரித்து, வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டான். இது 1342இல் நிகழ்ந்ததாக வரலாற்றாசிரியர் பலரும் கொள்வர்.

போரைத் தாம் கேட்டதாகவும், மதிலில் தொங்கியதைத் தம் கண்ணால் கண்டதாகவும் இப்னு பதூதா பிரித்துச் சொல்கிறார். ரிவாயத்தின் தரம் அறிந்த காழியின் பழக்கம் இது. வல்லாளனின் படையில் ஏறத்தாழ 20,000 முஸ்லிம்கள் இருந்தனர் என்பதையும் அவரே சொல்கிறார். அவர்களை ஒழுக்கங்கெட்டோர், ஓடிவந்த அடிமைகள் என்று இழித்துரைத்தாலும், அவர்கள் அங்கே நின்றதை மறைக்கவில்லை.

பாசறையிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழியில் அவர் கண்டவை இதனினும் கொடியவை. காட்டில் பிடிபட்ட மக்கள் தாம் கழுவேற்றப்படும் மரத்தைத் தாமே தோளில் சுமந்து வந்தனர். மறுநாள் காலையில் பாசறையின் நான்கு வாயில்களிலும் அது நிறைவேற்றப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் தப்பவில்லை. வேறெந்த மன்னரும் செய்யக் கேட்டிராத இழிசெயல் என்று இப்னு பதூதா இதனைக் கண்டிக்கிறார். இதன் பொருட்டே அல்லாஹ் அந்த சுல்தானின் மரணத்தை விரைவுபடுத்தினான் என்றும் எழுதுகிறார். ஒருநாள் உணவு வேளையில் ஒரு மனிதனும் மனைவியும் ஏழு வயது மகனும் சுல்தான் முன் கொண்டுவரப்பட்டுக் கொல்லப்பட்டபோது தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகச் சொல்கிறார். மற்றொரு நாள் அஸர் தொழச் செல்வதாகச் சொல்லி எழுந்துவிட்டார். சுல்தான் காரணத்தைப் புரிந்துகொண்டு சிரித்தான் என்பதையும் அவர் விடவில்லை.

பயணியின் குறை

இங்கே இப்னு பதூதாவையும் நாம் நிறுத்துப் பார்க்க வேண்டும். அவர் அந்த விருந்தை விட்டு விலகவில்லை. சுல்தானிடம் நேரில் ஒரு சொல் சொன்னதாகவும் பதிவில்லை. மாறாக, மாலத்தீவின் மீது படையெடுக்கச் சுல்தானைத் தூண்டியவரே அவர்தாம். சுல்தானின் மரணமும் தம் நோயும் குறுக்கிட்டதால் அத்திட்டம் நிறைவேறாமற் போயிற்று. தம்மைக் கடலிலிருந்து மீட்டு மீனும் பழமும் தந்தவர்களுக்கும், கழுமரத்தைச் சுமந்தவர்களுக்கும் அவர் நூலில் பெயர் இல்லை. இவ்விரு கூட்டத்தாரும் அந்நாட்டின் எளிய மக்கள்தாமே என்ற எண்ணம் அவருக்கு எழுந்ததாகவும் தெரியவில்லை. இஸ்கந்தரிய்யாவில் சந்தித்த அறிஞர்களைப் பெயர் பெயராகச் சொல்லும் நினைவாற்றல் தமிழ் மக்களிடம் வரும்போது வறண்டு போகிறது. நூலின் வேறு பகுதிகளில் இப்னு ஜுபைரின் வருணனைகள் பெயர் சுட்டாமல் எடுத்தாளப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கின்றனர். ஆகவே அவரைக் குறையற்ற சாட்சி என்று போற்றுவதற்கில்லை.

ஆயினும் பத்தாண்டுகள் கழித்து, ஃபாஸ் நகரத்து அரசவையின் ஆதரவில் நூலைச் சொல்லும்போது, முகந்திருப்பிய அக்காட்சிக்கு அவர் திரும்பி வந்தார். மொரோக்கோ அரசவையில் மஅபர் சுல்தானைக் கண்டிப்பதால் அவருக்கு ஆபத்து ஏதுமில்லை என்று வாதிடலாம். ஆனால் சொல்லாமல் விட்டிருந்தால் கேட்பாரும் ஒருவரும் இல்லை. தம் மார்க்கத்தைச் சேர்ந்த, தமக்கு உறவினரான, தமக்குச் சோறிட்ட மன்னனைப் பற்றிச் சொன்னார். சாண் போட்டுக் கலங்கரையை அளந்த அதே கண்தான் பாசறையின் நான்கு வாயில்களையும் பார்த்தது. முதலாவதை மெச்சி இரண்டாவதை மறைப்போர் அவருடைய பண்பின் வேரையே விட்டுவிடுகின்றனர்.

இருவகை வாசிப்புகள்

திருச்சிராப்பள்ளிப் பகுதியில் வாழும் நமக்கு இது வெறும் நூலாய்வுச் சிக்கலாக இல்லை. திருவரங்கத்தில் 1311, 1323 ஆகிய ஆண்டுகளின் படையெடுப்புகள் ‘கோயிலொழுகு’ வாயிலாக இன்றும் நினைவில் நிற்கின்றன. அரங்கநாதர் திருமேனி ஊர்விட்டு ஊர் சென்று 1371இல் திரும்பியதைக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. விஜயநகர இளவரசன் குமார கம்பணனின் தேவி கங்காதேவி இயற்றிய ‘மதுரா விஜயம்’ அக்காலத் துயரைக் காவியமாக்கியது. வென்ற தரப்பின் அரசவைக் காவியம் என்பதால் அதில் மிகை உண்டு என்று நம்மவர்கள் சொல்வது நியாயமே. ஆனால் அந்த நியாயம் இப்னு பதூதாவிடம் செல்லாது. அவர் தோற்றவரின் தரப்பினர் அல்லர். கொடுமை செய்தவனின் சகலை. நம் தரப்புச் சாட்சி என்பதாலேயே அவருடைய சாட்சியம் கனமானது.

மறுபுறம், இப்பக்கங்களை மட்டும் கத்தரித்து எடுத்து முஸ்லிம்களைக் குற்றக்கூண்டில் ஏற்றுவோரும் உளர். அவர்கள் குற்றத்தை எடுத்துக்கொண்டு குற்றஞ்சாட்டியவரை விட்டுவிடுகின்றனர். கண்டித்தவர் ஒரு முஸ்லிம் காழி. அவர் அச்செயலை இறைவனின் சினத்திற்குரியதென்று மார்க்கத்தின் மொழியிலேயே கண்டித்தார். எதிர்ப்படையில் இருந்த 20,000 முஸ்லிம்களும், இஸ்கந்தரிய்யாவில் சிலுவையில் நிறுத்தப்பட்ட 36 முஸ்லிம்களும் இத்தகையோர் கண்ணில் படுவதில்லை. இந்நூலை முழுதும் வாசித்தவர்க்கு, அதில் மதங்களின் எல்லைக்கோட்டைக் காட்டிலும் முடியாட்சியின் கொடுமை தெளிவாகத் தெரியும்.

நம் மேடைகளில் மதநல்லிணக்கத்திற்குச் சான்றாகத் திருச்சியின் நத்தர்வலி (ரஹ்) தர்காவும், திருவரங்கத்தில் ரொட்டி படைக்கப்படும் துலுக்க நாச்சியார் சன்னதியும் எடுத்துரைக்கப்படுகின்றன. இரண்டும் உண்மையானவை, போற்றத்தக்கவை. தர்காவில் நவாப் முஹம்மது அலி வாலாஜா அடங்கியிருப்பதும், அவருடைய காலத்தில் இவ்வூர் நத்தர் நகர் என்று வழங்கியதும் வரலாறு. ஆனால் தில்லி இளவரசி ஒருத்தி அரங்கனைத் தேடி வந்தாள் என்னும் கதை அந்தப் படையெடுப்புகளின் நினைவிலிருந்தே கிளைத்தது. காயத்தை நினைவில் வைத்துக்கொண்டே அதற்குள் ஓர் இடத்தை நமக்காகவும் ஒதுக்கிய ஊர் அது. அந்தப் பெருந்தன்மையை எடுத்துரைக்கும் நாம் காயத்தைப் பேசாமல் விடுவது முறையாகாது.

இன்றைய பயணங்கள்

உம்ராவோடு எகிப்து, ஜோர்தான், பைத்துல் முகத்தஸ் ஆகியவற்றையும் சேர்த்துக் காட்டும் சுற்றுலாத் திட்டங்கள் இன்று பெருகியுள்ளன. கெய்ரோவிலிருந்து ஒரு பகல் பயணமாக இஸ்கந்தரிய்யாவுக்கு அழைத்துச் செல்கின்றனர். காயித்பாய் கோட்டை, அபுல் அப்பாஸ் முர்ஸி பள்ளிவாசல், எதிரே பூஸிரி இமாமின் அடக்கத்தலம், 2002இல் திறக்கப்பட்ட புதிய நூலகம் என்று வரிசையாகக் காட்டி மாலையில் திரும்பிவிடுகின்றனர். ஜியாரத் நன்மையானது. அதனைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆனால் அப்பயணங்களிலிருந்து பிறக்கும் கட்டுரைகள் உணவு, விடுதி, அடக்கத்தலம் என்ற பட்டியலோடு நின்றுவிடுகின்றன. அந்நகரில் இன்று வாழும் மக்கள் அவற்றில் தென்படுவதில்லை. மீனவர், சுங்க ஊழியர், பள்ளிவாசல் வாசலில் வணிகம் செய்யும் பெண் ஆகியோரைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் இப்னு ஜுபைர் சுங்கச் சாவடியில் கண்ட அளவுகூட நாம் காண்பதில்லை.

பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் முடிவை நோக்குமாறு திருக்குர்ஆன் பலமுறை பணிக்கிறது. அந்த நோக்குதலில் அழகிய கோபுரமும் அடங்கும், பாழடைந்த கோபுரமும் அடங்கும், கொடுங்கோலனின் முடிவும் அடங்கும். நமக்குப் பிரியமானவற்றை மட்டும் நோக்கும் விதிவிலக்கு அதில் தரப்படவில்லை.

இதன் பொருட்டு ஒரு வேண்டுகோளை முன்வைக்கலாம். கிப் தொடங்கி வைத்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1958 முதல் பல பத்தாண்டுகள் உழைத்து முடிக்கப்பட்டது. இந்தியப் பகுதிகளை மஹ்தி ஹுஸைன் 1953இல் தனியே குறிப்புகளோடு வெளியிட்டார். தமிழிலும் அதற்கு நிகரான பதிப்பு வேண்டும். இஸ்கந்தரிய்யா, மஅபர் ஆகிய இரு பகுதிகளையும் அரபு மூலத்திலிருந்து ஒன்றும் விடாமல் பெயர்த்து, கண்ணனூர், காவிரி, கொள்ளிடம் ஆகியவற்றின் நிலவியலை அறிந்த ஒருவரின் குறிப்புகளோடு ஒரே தொகுதியாக வெளியிடலாம். கோயிலொழுகின் தொடர்புடைய பகுதிகளைப் பின்னிணைப்பாகச் சேர்க்கலாம். நம் கல்லூரிகளின் அரபுத் துறைகளும் வரலாற்றுத் துறைகளும் கூடினால் இயலாத பணி அன்று. அத்தொகுதியை ஒரு முஸ்லிம் மாணவரும் திருவரங்கத்து மாணவர் ஒருவரும் அருகருகே அமர்ந்து வாசிக்க இயலுமானால், காழி இப்னு பதூதா தம் குறைகளையும் மீறி விட்டுச்சென்ற சாட்சியம் உரியவர்களிடம் வந்து சேர்ந்ததாகும்.